கம்பம் பள்ளத்தாக்கின் பழைய ஜீப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய ஜீப்புகள் என்பவை, தேனி மாவட்டத்தின் கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும், பல கை மாறிய நாற்சக்கர ஊர்திகள் ஆகும். இன்று "சிறிய எஸ்.யு.வி." என்று விற்கப்படும் தானுந்துகளுக்கு இவற்றை முன்னோடி எனலாம். இவற்றில் அதிகப் பணம் கேட்கும் பழுதுகளும் உயிருக்கு ஆபத்தான பழுதுகளும் பெரும்பாலும் ஒன்றல்ல.

பின்னணி

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிசு ஜீப்பை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. பின்னாளில் வந்த கமாண்டர், மேசர் முதலிய வகைகளும் 2000 ஆம் ஆண்டில் அறிமுகமான பொலேரோவும் இப்பகுதியில் பரவலாகக் காணப்படுபவை. பழைய வகைகள் பலவற்றில் பிரெஞ்சு நாட்டுப் பியூசோ வடிவமைப்பிலான 2,112 கன செ.மீ. டீசல் பொறியும், பின்னர் 2,523 கன செ.மீ. நேரடி உட்செலுத்தல் பொறியும் பொருத்தப்பட்டன. கணினிக் கட்டுப்பாடு ஏதுமில்லாததால் சிற்றூர் பட்டறைகளிலேயே இவற்றைப் பிரித்துப் பழுது பார்க்க முடிகிறது.

பாதை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் பாதை, கொச்சி - தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85-இன் பகுதி. முப்பது கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறவேண்டும். கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை பிற மலைப்பாதைகள். தேனி மாவட்டத்திலேயே உள்ள கொழுக்குமலைக்குக்கூட ஊர்திப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே செல்கிறது; ஜீப்பைத் தவிர மற்றவை அதில் செல்வது கடினம்.

மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. மேற்கில் மழை மிகுதி. எனவே தோட்டத்திலேயே நின்ற ஜீப்பில் தளத் தகடும் அடிச்சட்டமும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே பூசிய புதிய வண்ணத்தைவிட, கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

பிரேக்

பழைய வகைகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிகிறது. உள்ளிருக்கும் லைனிங் அதைத் தொடக் கூடுதல் தூரம் நகரவேண்டியுள்ளது. சூடேறிய லைனிங்கின் உராய்வும் குறைகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயிலின் கொதிநிலை தாழ்ந்து, வெப்பத்தில் அதனுள் ஆவிக் குமிழிகள் தோன்றும். குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கிவிடுவதால் பெடல் தரைவரை இறங்கினாலும் வண்டி நிற்காது. சற்று ஓய்ந்தபின் பெடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், பழுது இல்லையென்றே ஓட்டுநர் நினைத்துவிடுவதும் உண்டு.

டீசலை மிச்சப்படுத்தப் பொறியை அணைத்து, நியூட்ரலில் இறங்குவது மிக ஆபத்தானது. பொறியின் பிடிப்பும் கிடைக்காது; வெற்றிட உதவியுள்ள வண்டிகளில் சில மிதிகளுக்குப் பின் அவ்வுதவியும் தீர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய மலை வழக்கத்துக்கு இதுவே காரணம்.

பிரேக் ஆயிலை மாற்றுவதற்கும் வீல் சிலிண்டரின் ரப்பர்களை மாற்றுவதற்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது. வண்டியின் செலவுகளில் இதுவே மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை தள்ளிப்போடப்படுவதும் இதுவே.

பிற பழுதுகள்

அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதால் பட்டை வில்கள் தட்டையாகின்றன. கூடுதல் பட்டை சேர்ப்பது வழக்கமெனினும், அதனால் சுமை வில் பிணைப்புகளுக்கும் அடிச்சட்டத்துக்கும் மாறி அங்கே விரிசல் விழலாம். பட்டைகளின் நடு ஆணி முறிந்தால் அச்சே இடம்பெயரும். ஸ்டீரிங் ஆட்டத்துக்குக் கிங்பின், டை ராடு முனைகளின் தேய்மானம் பொதுவான காரணம்.

கிளட்ச் தட்டின் விலையைவிட, அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்கும் கூலி கவனிக்கத்தக்கது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து, ஏற்றத்தில் பொறி கொதிக்கிறது. கவனியாவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும். முழுப் பொறி வேலை பல பத்தாயிரம் ரூபாய் கேட்கும். உதிரிப் பாகங்கள் அனைத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு; முன்னர் பலவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்தது.

ஆவணங்கள்

சொந்தப் பயன்பாட்டுத் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கேரளப் பதிவெண் கொண்ட ஜீப்பை வாங்குவோர் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, தமிழகத்தில் மறுபதிவு செய்து சாலை வரியும் செலுத்தவேண்டும். சொந்தப் பயன்பாட்டுப் பதிவுள்ள ஜீப்பில் வாடகைக்கு ஆளேற்ற, 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி இல்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இது காரணமாகலாம்.