மீன்புரதப் பெப்டைடுகள்: சோதனைக்குழாய்ச் சான்றும் மனித உடலின் சான்றும்

முன்னுரை

புனேயில் கடல் இல்லை. ஆனாலும் வாகட், ஹிஞ்சவடி வட்டாரத்து மருந்துக் கடைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ‘மரைன் கொலாஜன்’ தூள் எளிதாகக் கிடைக்கிறது. தோல் சுருக்கம் முதல் மூட்டுவலி வரை பலவற்றுக்கும் அதை நம்பி வாங்குகிறார்கள். இத்தகைய பொருளுக்கான மூலவளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், மீன் பதனிடும் ரத்னாகிரிக் கரையில் சேர்கிறது. இத்தூள் போல, கடலுயிரிப் புரதத்தைச் சிதைத்துப் பெறும் பெப்டைடுகள் (சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு தொடர்கள்) உணவுச் சேர்பொருளாகும் தகுதி உடையவையே. ஆனால் அவற்றின் நலப்பயன் சோதனைக்குழாயில் தெரிந்த அளவுக்கு மனித உடலில் நிறுவப்படவில்லை. ஆகவே இந்தியா இவற்றை முதலில் உணவாகவும், சான்று கிடைத்த பின்னரே நலக்கூற்றுடன் கூடிய பொருளாகவும் வளர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூலப்பொருள் ஒன்றல்ல

2023-24இல் இந்தியா 17.81 லட்சம் டன் கடலுணவை ஏற்றுமதி செய்தது. பதனிடும்போது தலை, தோல், எலும்பு, குடல், இறால் ஓடு ஆகியவை கழிவாகின்றன. கொங்கணத்தார் ‘ராணி’ என்றழைக்கும் மீனிலிருந்து சுரிமி என்னும் மீன்கூழ் தயாரிக்கையில், சதையை மீண்டும் மீண்டும் கழுவும் நீரோடு கரையும் புரதங்களும் போய்விடுகின்றன.

இவை அனைத்தையும் ‘மீன்புரதம்’ என்று ஒரே பெயரில் அடக்குவது பிழை. சதைப்புரதத்தில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் எல்லாம் உண்டு. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். டிரிப்டோபேன் அறவே இல்லை. எனவே கொலாஜன் தூளை மட்டும் நம்பிப் புரதத் தேவையை நிறைவு செய்ய இயலாது.

சூரை மீன் தரும் பாடம்

பெப்டைடு ஆய்வுகளில் தெளிவானதொரு சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கு சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திக் கட்சுவோபுஷி செய்கிறார்கள். லட்சத்தீவிலிருந்து நமக்கு வரும் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. அதைத் தெர்மோலைசின் என்னும் நொதியால் சிதைத்தபோது கிடைத்த பெப்டைடுகள், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஏ.சி.இ. நொதியைத் தடுத்தன. இதை 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

அவற்றுள் லியூசின்–லைசின்–புரோலின்–அஸ்பரஜின்–மெத்தியோனின் என்னும் ஐந்தலகுப் பெப்டைடு குறிப்பிடத்தக்கது. நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்க இது 2.4 மைக்ரோமோலார் செறிவில் தேவைப்படுகிறது. தடுக்கப்பட வேண்டிய அந்த நொதியே இதை வெட்டி முதல் மூன்று அலகுகளை விடுவிக்கிறது. அந்த மூவலகுப் பெப்டைடுக்கு 0.32 மைக்ரோமோலாரே போதும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்தெடுத்த பெப்டைடு வேறு, குழம்பில் இடும் மாசி வேறு. வாய்வழிச் செல்லும் பெப்டைடு இரைப்பை, குடல் நொதிகளைத் தாண்டிக் குடற்சுவரைக் கடந்து, போதிய அளவில் குருதியை அடைய வேண்டும். இரண்டு, மூன்று அலகுகள் கொண்டவற்றைக் கடத்தும் வழி குடலில் உண்டு. புரோலின் கொண்டவை சிதைவை ஓரளவு எதிர்க்கின்றன. சிதைத்த ஜெலட்டினை உண்டவர்களின் குருதியில் புரோலின்–ஹைட்ராக்சிபுரோலின் இருந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. குருதியை அடைந்தது என்பதாலேயே நோயில் பயன் விளைந்தது என்றாகிவிடாது.

இரு தீர்ப்புகள்

1991இல் நலப்பயன் உணவுகளுக்குத் தனி அனுமதி முறை வகுத்த ஜப்பான், சூரைப் பெப்டைடுக்கு இடமளித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் அதே பெப்டைடின் இரத்த அழுத்தக் கூற்றை ஆராய்ந்து, காரண-விளைவு உறவு நிறுவப்படவில்லை என்றது. 2011இல், கொலாஜனைச் சிதைத்துப் பெறும் பெப்டைடுகள் மூட்டு நலத்துக்கு உதவும் என்ற கூற்றையும் அவ்வாணையம் ஏற்கவில்லை.

கடுமையான அளவுகோல் புதிய பொருள்களின் வரவை முடக்கும் என்பது தொழில்துறையின் மறுப்பு. அதில் நியாயம் உண்டு. ஜப்பான் 2005இல் கொண்டுவந்த நிபந்தனைக்குட்பட்ட அனுமதி இதற்கு விடையாகலாம்: சான்று வலுவற்றது என்பதைச் சிட்டையிலேயே அச்சிட்டுவிட்டு விற்கலாம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஊட்டச்சேர்க்கை ஒழுங்குமுறைகள் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற வாசகத்தைக் கட்டாயமாக்குகின்றன. சான்றின் தரத்தைச் சொல்லும் வாசகமும் அதனருகே இடம்பெற வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. கழுவுநீரிலும் சதைத்துண்டுகளிலும் உள்ள முழுமையான புரதத்தை மீட்டு மலிவான உணவில் சேர்ப்பது முதற்பணி. அப்புரதத்தைப் பெப்டைடுகளாகச் சிதைக்கும்போது தோன்றும் கசப்பை நீக்குவதே அதன் முதன்மைத் தொழில்நுட்பச் சிக்கல். இரண்டாவது, நலக்கூற்று கோரும் நிறுவனம் இந்திய உணவுப் பழக்கம் உடையவர்களிடம் கட்டுப்பாட்டுக் குழுவுடன் சோதனை நடத்த வேண்டும். மூன்றாவது, மரக்கறி உண்போரும் மீன் ஒவ்வாமை உடையோரும் அறியும்படி, எந்த உயிரியின் எந்தப் பகுதி என்பதைச் சிட்டையில் தெளிவாக எழுத வேண்டும். இவை நிறைவேறும்வரை கடல் பெப்டைடுத் தூளை இரத்த அழுத்த மாத்திரைக்கோ மூட்டுவலிச் சிகிச்சைக்கோ மாற்றாகக் கொள்ளச் சான்று இல்லை.