மரத்தளம் வாங்குமுன்: எந்தக் காட்டு மரம், எவர் வீட்டு மரம்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வீடு வாங்குவோரிலும், வெளிநாட்டிலிருந்து அதற்குப் பணம் அனுப்புவோரிலும் போரால் ஊரை விட்டு வந்தவர்கள் பலர். அவ்வீட்டுக்கு மரத்தளம் பதிக்க விரும்புவோர், விலையோடு மரம் வந்த வழியையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

உள்ளூர் மரம்: இலங்கையின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது 1990 இல் நிறுத்தப்பட்டது. சட்டபூர்வமான மரம் தேக்கந் தோட்டங்களிலிருந்தும் தனியார் காணிகளிலிருந்துமே பெரும்பாலும் வருகிறது. மரக்குற்றிகளை ஏற்றிச் செல்ல வனவளத் திணைக்கள முறைமையின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். சில இனங்களுக்கு மட்டும் விலக்குண்டு. வன்னிக் காடுகளின் முதிரையும் பாலையும் அனுமதியின்றிக் கடத்தப்படுவது போருக்குப் பின்னரும் தொடரும் செய்தி. ஆகவே முதிரை என்றால் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். அரச மரக்கூட்டுத்தாபனத்தில் வாங்கிய மரமெனில் அதன் பற்றுச்சீட்டு இருக்கும்.

பழைய மரம்: பயன்படுத்திய மரத்தை மீண்டும் அறுத்துப் பதிப்பது காட்டுக்கு நல்லது. ஆனால் இடம்பெயர்ந்தோரின் வீடுகளிலிருந்து நிலை, கதவு, யன்னல், தீராந்தி என யாவும் கழற்றிச் செல்லப்பட்டதை எம்மவர் அறிவர். எந்தக் கட்டடம், எவர் விற்றார் என்ற விபரம் இல்லாத பழைய மரத்தைத் தவிர்ப்பதே முறை.

இறக்குமதி மரம்: பர்மாத் தேக்குக்கு இங்கு மதிப்பு அதிகம். 2021 இராணுவச் சதிப்புரட்சியை அடுத்து, மியன்மாரின் அரச மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் தடை விதித்தன. மர விற்பனையின் வருமானம் இராணுவ ஆட்சிக்குச் செல்வதே காரணம்.

சான்றிதழ்கள்: 1993 இல் உருவான எஃப்.எஸ்.சி. அமைப்பின் முத்திரை, காட்டிலிருந்து பொதி வரையான கைமாற்றங்கள் கண்காணிக்கப்பட்டதைக் குறிக்கும். முத்திரையிலுள்ள உரிம எண்ணை அவ்வமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். 'நூறு வீதம்', 'கலப்பு', 'மீள்சுழற்சி' என்ற மூன்று வகைகளும் ஒன்றல்ல. கலப்பு வகையில் சான்று பெறாத மரமும் சேர்ந்திருக்கலாம். சுற்றுச்சூழல் உற்பத்திப் பிரகடனம் என்பது வேறு ஆவணம். உற்பத்தியில் வெளியாகும் காபன், செலவாகும் சக்தி, நீர் ஆகியவற்றை அது கணக்கிடும். மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா என்பதற்கு அது சான்றாகாது.

லமினேட் தளத்தின் மேற்பரப்பு மரமன்று, அச்சிட்ட தாள். உள்ளே இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை. அந்த நாருக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

முற்பணம் கொடுக்குமுன் மரத்தின் இனம், வெட்டப்பட்ட நாடு, அனுமதிப்பத்திர அல்லது சான்றிதழ் எண் ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதுவிக்கவும். எழுத மறுக்கும் கடையில் வாங்காமல் விடலாம்.