மயூரகதியும் மதிப்பெண் களமும்

தமிழ்நாட்டில் குதிரைக்குக் குறைவில்லை. ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரை நிற்கிறது. மண்டபத் தூணில் கல்குதிரை பாய்கிறது. திருவிழாவில் மரக்குதிரை வாகனமாகப் புறப்படுகிறது. ஊர்வலத்தில் பொய்க்கால் குதிரை ஆடுகிறது. உயிருள்ள குதிரை மட்டும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டியன் தன் அமைச்சரைப் பொன்னோடு அனுப்பியது குதிரை வாங்கத்தான்.

13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பில்லாமல் மடிந்ததை எழுதி வைத்தார். மஅபர், காம்பே முதலான துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் கணக்கு. வியாபாரி கண்ணால் பார்த்தால் சங்கதி எளிது. கொள்முதல் உண்டு, இருப்பு இல்லை. பணம் போகும், குதிரை வரும், குதிரை சாகும், மறுபடியும் பணம் போகும்.

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். ஜோத்பூரில் தானியக் கடை வைத்து முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. கொண்டைக்கடலையும் பார்லியும் தவிடும் விற்பதால், குதிரை வளர்க்கும் தாக்கூர்கள் பலர் எனக்கு வாடிக்கை. அவர்களோடு பேசிப் பேசியும், கிடைத்த நூல்களைப் படித்தும் மனத்தில் சேர்ந்ததை இந்த மலரில் வாசகர்முன் வைக்கிறேன். கேள்வி இதுதான்: நம் நாட்டுக் குதிரை ஒன்று, உலகம் முழுவதும் ஆடப்படும் டிரெஸ்ஸாஜ் போட்டிக் களத்தில் நிற்க முடியுமா? நின்றால் யாருக்கு என்ன லாபம்?

வளர்த்த நாடு

வாங்கிய நாட்டைப் பார்த்தோம். மார்வார் வளர்த்த நாடு. ரத்தோர் மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேணிய இனம் மார்வாரிக் குதிரை. அதன் அடையாளம் காது. இரண்டு காதுகளும் உட்புறமாக வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும். உடல் மெலிந்தது, கால் நீண்டது, பாலைவன வெயிலுக்கும் குறைந்த தீனிக்கும் பழகியது. ‘ரேவால்’ என்று ஒரு தனி நடையும் உண்டு. அந்த நடையில் மேலே இருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. மணல் வழியில் காதக்கணக்காகப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

போருக்குக் குதிரை தேவைப்படாத காலம் வந்ததும் இனம் சரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல குதிரைகளைச் சேர்த்து இனத்தை நிலைநிறுத்தினார். சுதந்திரத்துக்குப் பின் ஜாகீர்கள் போயின. தீனி போட வழியில்லாமல் 1950களில் பல குதிரைகள் சுமை இழுக்கப் போயின. பல காயடிக்கப்பட்டன, பல கொல்லப்பட்டன. மிச்சத்தைக் காப்பாற்றியதில் உமைத் சிங்கின் பேரர் இரண்டாம் கஜ் சிங்குக்குப் பங்குண்டு. 1999இல் இந்திய உள்நாட்டுக் குதிரைச் சங்கம் தோன்றியது.

ஆனால் பிழைத்த குதிரைக்கு என்ன வேலை கிடைத்தது? கல்யாண ஊர்வலத்தில் டோலக்கு அடிக்க ஆடுவது ஒன்று, கண்காட்சியில் காதைக் காட்டி நிற்பது இன்னொன்று. இங்கேதான் ஆபத்து. எதற்கு விலை கிடைக்கிறதோ அதைத்தான் வளர்ப்பவன் வளர்ப்பான். காதுக்கும் நிறத்துக்கும் உயரத்துக்கும் விலை வைத்தால், நாலைந்து தலைமுறையில் அழகான காது இருக்கும், முதுகு இருக்காது. நெல்லில் நிறம் பார்த்து வாங்கி, சோறாக்கும்போது ஏமாறுவதில்லையா, அது மாதிரி.

இருபதுக்கு அறுபது

டிரெஸ்ஸாஜ் என்பது பிரெஞ்சுச் சொல். பழக்குதல் என்பது பொருள். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களம். ஓரங்களில் எழுத்துகள் நட்டிருக்கும். குறித்த எழுத்தில் நடை, குறித்த எழுத்தில் துள்ளோட்டம், குறித்த எழுத்தில் பாய்ச்சல், வட்டம், எட்டு வடிவம், பக்கவாட்டு நகர்வு என்று ஒவ்வொன்றையும் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். முடிவு சதவீதத்தில் வரும். உச்சநிலையில் ‘பியாஃப்’ என்பது நின்ற இடத்திலேயே துள்ளோட்டம். ‘பஸாஜ்’ என்பது காற்றில் தங்கித் தங்கி முன்னேறும் துள்ளோட்டம்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது சேர்ந்தது. நெடுங்காலம் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே அனுமதி. 1948 லண்டனில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அணியில் ஒருவர் உண்மையில் சார்ஜென்ட் நிலையில் இருந்தவர் என்று தெரிந்து பிறகு அந்தத் தங்கமே பறிபோனது. 1952 ஹெல்சிங்கியில்தான் பெண்களும் பொதுமக்களும் உள்ளே வந்தார்கள். ஏறுகிறவர் யார் என்று அவ்வளவு கறாராகக் கேட்ட இந்த விளையாட்டு, குதிரை என்ன ஜாதி என்று கேட்டதில்லை. பியாஃப் செய்யத் தெரிந்தால் எந்த இனமும் வரலாம்.

நமக்குப் புதிதா?

மேல்நாட்டு விளையாட்டு, நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய அதிகாரம் இருக்கிறது. 1909இல் மைசூர் ஷாமசாஸ்திரி பதிப்பித்த நூல் அது. ஏறிச் செலுத்தும் குதிரையின் பயிற்சியை அது ஐந்தாகப் பிரிக்கிறது: வல்கனம், நீசைர்கதம், லங்கனம், தோரணம், நாரோஷ்டிரம். வல்கனம் வட்ட இயக்கம். ஒரு முழ அளவு வட்டமும், எட்டுப் போல இரட்டை வட்டமும் அதில் அடக்கம். லங்கனம் தாண்டுதல். நாரோஷ்டிரம் என்பது சைகைக்கு இணங்கி நடத்தல். இன்றைய நடுவர் கையில் உள்ள தாளும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது.

தோரணத்தின் எட்டு வகைகளில் நாரை, மயில், கீரி, பன்றி ஆகியவற்றின் நடைகள் வருகின்றன. சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில், குஜராத்தின் ஜைன ஆசாரியர் ஹேமசந்திரர் தம் அபிதான சிந்தாமணி நிகண்டில் தோரிதம் என்னும் நடைக்கு விளக்கம் சொல்லும்போது அதே கீரி, நாரை, மயில், பன்றிதான். முதலில் இதைக் கண்டபோது இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் கேளுங்கள். தமிழ் அகராதிகளில் அசுவகதி என்று பார்த்தால் ஐந்து கதிகளுள் ஒன்று மயூரகதி. மயில் நடை! புறப்பொருள் வெண்பாமாலையும் குதிரைக்கு ஐந்து கதி, பதினெட்டுச் சாரி என்று தொகை சொல்லும். குதிரையை வெளியே வாங்கிய தமிழனும் அதன் நடைக்கு இலக்கணம் வைத்திருந்தான்.

ரேவால் தந்த சிக்கல்

சரி, மார்வாரிக் குதிரை களத்தில் இறங்கினால் என்ன ஆகிறது? என் வாடிக்கைக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், பேத்திக்காகத் தம் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றைத் தொடக்கநிலைத் தேர்வில் இறக்கினார். நடைக்குப் பத்துக்கு நாலு. தாளை என் கடை மேசையில் போட்டார்.

“சேட்ஜி, நீங்க படிச்சவர். என் குதிரை நடந்தா கையில இருக்கிற டம்ளர் தண்ணி தளும்பாது. அந்த நடைக்கா நாலு?”

“ஹுக்கும், அந்தத் தண்ணி தளும்பாததுதான் இங்கே குத்தம்” என்றேன்.

விதிப்படி நடையில் நான்கு கால்களும் நான்கு தனித்தனித் தாளமாக, சம இடைவெளியில் விழ வேண்டும். ரேவால் பழக்கமுள்ள குதிரைக்கு ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் நெருங்கி விழும். தாளம் கலையும். பல தேர்வுத்தாள்களில் நடைக்கு மதிப்பெண் இரட்டிப்பு என்பதால் அடியும் இரட்டிப்பு. பாலையில் குணம், களத்தில் குறை.

கல்யாண ஆட்டம் பியாஃப் ஆகுமே என்று சிலர் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். பியாஃபில் பின்கால்கள் உடலுக்கு அடியில் வந்து பாரம் தாங்க வேண்டும், முதுகு தளர்ந்து இயங்க வேண்டும். ஊர்வல ஆட்டத்தில் பெரும்பாலும் தலை மேலே போய் முதுகு குழிந்துவிடும். கட்டிவைத்துப் பழக்குவதை மட்டும் நம்மூர்க் கொடுமை என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளூவினேல், இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிப் பழக்கும் முறைக்குப் பேர்போனவர். கை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜீவகாருண்யம் பேசும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. ஒலிம்பிக் தங்கம் பெற்ற பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் டுஜார்டான், பயிற்சியில் குதிரையைச் சாட்டையால் அடித்த காணொளி காரணமாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். பிறகு ஓராண்டு தடையும் பெற்றார். அடித்து வாங்கும் மயூரகதி எனக்கு வேண்டாம்.

தாக்கூருக்கு அப்போது இரண்டு யோசனை. ஒன்று, காதழகுக்காகக் கேட்டவரிடம் நல்ல விலைக்குக் குதிரையை விற்றுவிடுவது. இன்னொன்று, அதற்குத் தரோபிரெட் ஆண்குதிரையைச் சேர்த்து உயரமான கலப்புக் குட்டி எடுப்பது. கலப்புக் குட்டி களத்தில் சுலபமாக மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அது மார்வாரியாகப் பதிவாகாது. அந்தப் பெண்குதிரையின் வரிசை அதோடு நின்றுவிடும். பேத்திதான் பிடிவாதம் பிடித்தாள். தரையில் கழிகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தாண்டி மெதுவாக நடக்கவிட்டு, எட்டு மாதம் உழைத்தாள். அடுத்த தேர்வில் நடைக்கு ஆறு. பதக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தாக்கூர் குதிரையை விற்கவில்லை. மார்வாரி ஆண்குதிரையையே சேர்த்தார். அந்த ஆண்குதிரையைத் தேர்ந்தபோது காதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அதை நடக்கவிட்டுப் பார்த்தார். என் கணக்கில் வரவு அதுதான்.

ஸ்பெயின் காட்டும் வழி

இது வீண் ஆசையா? ஸ்பெயினைப் பாருங்கள். ஜெர்மானிய, டச்சு, டேனிஷ் குதிரைகள் ஆண்ட களத்தில் ஆந்தலூசியக் குதிரையை வட்டமான, குட்டையான அலங்காரக் குதிரை என்று பலர் ஒதுக்கினார்கள். முன்காலை வெளிப்புறமாகச் சுழற்றும் பழக்கம் அதற்குக் குறையாகச் சொல்லப்பட்டது. வளர்ப்பவர்கள் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. அந்தக் குறையைப் பார்த்துப் பார்த்துக் களைந்தார்கள். 1973இல் ஹெரெஸ் நகரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளியின் ரஃபாயெல் சோட்டோ, இன்வாசோர் என்ற ஆந்தலூசியக் குதிரையில் ஏறி, 2004 ஏதென்ஸில் ஸ்பெயின் அணி வெள்ளி வெல்லத் துணைநின்றார். காளைப்போருக்கு வளர்த்த போர்ச்சுகலின் லூசிடானோ இனத்து ரூபி, 2012 லண்டனில் தனிநபர் இறுதிச்சுற்று வரை வந்தது. ஆக, ஒரு இனம் களத்துக்கு வரும், களமும் அந்த இனத்தைத் திருத்தும். ஆனால் ஒரு ஆளின் ஆயுளில் முடிகிற வேலை அல்ல அது.

பாண்டியன் கணக்கு

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து வந்த தங்கம். சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் இளைஞர்கள். அனுஷ் தனிநபர் வெண்கலமும் பெற்று, 2024 பாரிஸில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜ் வீரரானார். அன்றைக்கு எங்கள் கடைத் தெருவில் எல்லார்க்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனாலும் கணக்கைச் சொல்ல வேண்டும். நான்கு குதிரைகளும் ஐரோப்பியக் குதிரைகள். பயிற்சியும் ஐரோப்பாவில். அங்கிருந்தே சீனாவுக்குப் போயின. வீரர்களைக் குறை சொல்வதற்கில்லை. நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரை வெளியே போய்வருவதே பெரும்பாடு. 2025 ஜூலையில்தான் மீரட்டில் ராணுவக் கால்நடை மையத்தில் உள்ள ஒரு வளாகம், குதிரை நோயற்ற பகுதியாக உலக விலங்கு நல அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. கதவு இப்போதுதான் சற்றுத் திறக்கிறது.

பாண்டியன் பொன் கொடுத்து அரபுக் குதிரை வாங்கினான், நாம் பணம் கொடுத்து ஐரோப்பியக் குதிரை வாங்குகிறோம். பதக்கம் நம்முடையது, இருப்பு அவர்களுடையது. மார்வாரிக் குதிரை நாளைக்கே ஒலிம்பிக் வெல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு குதிரைச் சந்தையிலும் காது பார்க்கும் பந்தலுக்குப் பக்கத்தில் இருபதுக்கு அறுபது களம் ஒன்றும் போடட்டும். தொடக்கநிலைத் தேர்வே போதும். முதல் பரிசு பெறும் ஆண்குதிரைக்கு அந்தத் தாளில் என்ன மதிப்பெண் என்பதையும் விலையோடு சேர்த்து எழுதட்டும். வாங்குகிறவன் படித்துப் பார்த்து வாங்குவான், வளர்ப்பவனும் அதற்கேற்ப வளர்ப்பான். எங்கள் மண்டியில் கடலைக்கு ஈரப்பதம் அளந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் விவசாயி நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்தான்.