வைப்பதா, விற்பதா?

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்று ஒரு சூதாட்ட நகரம். அங்கே ‘கோல்டு அண்டு சில்வர்’ என்ற அடகுக்கடையில் கேமராவைக் கொண்டுபோய் வைத்து, 2009 ஜூலையில் ஹிஸ்டரி சேனல் ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. பெயர் ‘பான் ஸ்டார்ஸ்’. பின்னாளில் ஹிஸ்டரி டிவி 18 வழியாக அது நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆன நண்பர்கள் பலர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நானும் பார்த்தவன்தான்.

கடற்படையில் வேலை பார்த்துவிட்டு வந்த ரிச்சர்டு ஹாரிசன் என்ற கிழவர், அவர் மகன் ரிக், பேரன் கோரி, பேரனின் பால்ய நண்பன் சம்லி. இந்த நால்வர்தான் கடை. (கிழவர் 2018-ல் காலமாகிவிட்டார்.) யாராவது ஒருவர் பழைய துப்பாக்கியோ, நாணயமோ, கிதாரோ கொண்டுவருவார். ரிக் அதன் சரித்திரத்தைச் சொல்வார். சந்தேகம் வந்தால் நிபுணர் ஒருவரைக் கூப்பிடுவார். பிறகு பேரம். அரைமணி நேரம் போவதே தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். வருகிறவரிடம் முதல் கேள்வியே ‘அடகு வைக்கிறீர்களா, விற்கிறீர்களா?’ என்பதுதான். பெரும்பாலும் எல்லோரும் ‘விற்கிறேன்’ என்பார்கள். பொருளைக் கொடுத்துவிட்டு, நோட்டை எண்ணிக்கொண்டு, சிரித்தபடி வெளியே போவார்கள். அடகுக்கடை என்று பெயரே தவிர, காட்டியதெல்லாம் பழம்பொருள் வியாபாரம். அடகு என்றால் பொருள் திரும்பி வரவேண்டும். அந்தத் திரும்பி வருகிற கதை அதில் அநேகமாக இல்லை.

நம் ஊரில் இதே மாதிரி ஒரு நிகழ்ச்சி எடுக்க முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது என்றேன். முதல் நாளே ஆள் வராது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் அடகுக்கடை இருக்கும்போதே, அதைத் தாண்டி பஸ் ஏறித் திருக்கழுக்குன்றமும் செங்கல்பட்டும் போய் நகை வைத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன். பக்கத்து வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே! பொழுது சாய்ந்த பிறகு, முந்தானையில் முடிந்துகொண்டு போகிற காரியம் அது. அதைப் போய்க் கேமரா முன்னால் யார் செய்வார்கள்?

மறைத்தாலும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். தாலியை யாரும் அடகு வைப்பதில்லை. தாலி கோத்திருக்கும் தங்கச் சரடுதான் போகும். சரடு போனால் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறும். குழாயடியில் நிற்கிற நாலு பெண்களுக்கு அந்தக் கயிறு போதும், வீட்டு வரவுசெலவு முழுவதும் புரிந்துவிடும். மறுபடி சரடு ஏறினால், மீட்டுவிட்டார்கள் என்று அதுவும் புரியும்.

கல்பாக்கத்தில் வேலைகள் தொடங்கிய காலத்தில், அதாவது 1970 வாக்கில், ஒரு பவுன் சுமார் 150 ரூபாய். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களுக்குக் கையில் இருந்த சேமிப்பு பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் கழுத்திலும் கையிலும்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் வளையல் உள்ளே போகும். போனஸோ அரியர்ஸோ வந்தால் வெளியே வரும். கல்யாணம் என்றால் இரண்டு நாளைக்கு மட்டும் யாரிடமாவது கைமாற்று வாங்கி மீட்டு, போட்டுக்கொண்டு போய் வந்து, மறுநாளே திருப்பி வைத்தவர்களும் உண்டு.

கடைக்காரரை ‘சேட்டு’ என்போம். பாட்டனோ முப்பாட்டனோ ராஜஸ்தானிலிருந்து வந்திருப்பார். இவர் நம்மைவிட நன்றாகச் செங்கல்பட்டுத் தமிழ் பேசுவார். உரைகல்லில் ஒரு இழுப்பு, மேலே ஒரு சொட்டுத் திராவகம், தராசு, அரக்குக்கும் கல்லுக்கும் ஒரு கழிவு. அவ்வளவுதான் மதிப்பீடு. நகையின் சரித்திரத்தை அவர் கேட்கமாட்டார். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். நூற்றுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று. வருஷக் கணக்கில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அவசரத்துக்கு இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற பேங்க் எது? இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சேட்டு கடையை எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தங்கம் இல்லாதவர்கள் பாத்திரம் வைத்தார்கள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தவலை. பழைய பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்குமே, அது சீர் கொடுத்தவரின் பெருமைக்காக மட்டுமல்ல. அடகுக்கடைப் பரணில் நூறு அண்டாக்களுக்கு நடுவே நம்முடையது எது என்று காட்டவும் உதவியது. எங்கள் வீட்டு அண்டா ஒன்று என் எஸ்.எஸ்.எல்.சி. வருஷத்தில் இரண்டு தடவை போய் வந்தது. அம்மாவின் பெயர் வெட்டியது. எவர்சில்வர் வந்த பிறகு பித்தளையை அடகு பிடிப்பாரும் குறைந்துபோனார்கள்.

மீட்க முடியாமல் போனால் ‘நகை மூழ்கிப்போச்சு’ என்பது நம் வழக்கு. வட்டி ஏறி ஏறி முதலையும் மிஞ்சி, நகையின் விலையைத் தொட்டுவிட்டால் பொருள் மூழ்கியது போலத்தான். அது மூழ்காமல் இருக்க எத்தனை நாள் தருவது, மூழ்கினால் எப்படி விற்பது? உலகம் முழுவதும் அடகுச் சட்டங்களின் வேலையே இதுதான்.

ஐரோப்பாவிலும் இந்தக் கவலை பழசு. வட்டிக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காப்பாற்ற இத்தாலியில் பெருஜியா நகரில் 1462-லேயே பாதிரிமார்கள் தர்ம அடகுக்கடை ஆரம்பித்தார்கள். நம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் ஆம்ஸ்டர்டாமில் 1614-ல் நகரசபையே ஓர் அடகுக்கடையைத் திறந்தது. நானூறு வருஷம் தாண்டி இன்றும் நடக்கிறது. வொண்டல் என்று டச்சு மொழியின் மகாகவி ஒருவர் இருந்தார். மகன் வியாபாரத்தில் நொடித்துப்போனதால், எழுபதை ஒட்டிய வயதில் அந்த அடகுக்கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷம் பேரேடு எழுதினார். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் சித்திர வேலைப்பாடுள்ள அந்தக் கல்லறைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழட்டுக் குமாஸ்தா ஞாபகம்தான்.

நம் நாட்டில் அடகுக்கு அடிப்படை 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 176, 177 என்று இரண்டு பிரிவுகள். கடனைத் திருப்பவில்லை என்றால் அடகு பிடித்தவர் பொருளை விற்கலாம், ஆனால் தகுந்த முன்னறிவிப்பு தரவேண்டும் என்கிறது 176. கெடு தாண்டினாலும், பொருள் உண்மையில் விற்கப்படும் நிமிஷம் வரை, பாக்கியையும் தாமதத்தால் வந்த செலவையும் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்கிறது 177. ஏலம் பத்து மணிக்கு என்றால் ஒன்பதரைக்குப் பணத்தோடு போய் நின்றாலும் உரிமை உண்டு. இது தெரியாமலே ‘கெடு முடிந்துவிட்டது’ என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேரோ.

அதே 1872-ல் இங்கிலாந்திலும் அடகுக்கடைகளுக்கு ஒரு சட்டம் வந்தது. மீட்க பன்னிரண்டு மாதம், அதற்கு மேல் ஏழு நாள் சலுகை. நம் ஊர் அடகுச் சீட்டிலும் ‘ஒரு வருடம் ஏழு நாள்’ என்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கென்று தனிச் சட்டம் 1943-ல், யுத்த காலத்தில், மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. லைசென்ஸ் வேண்டும், சீட்டு தரவேண்டும், விற்றால் பொது ஏலத்தில்தான் விற்கவேண்டும். பெயரில் மதராஸ் போய்த் தமிழ்நாடு வந்ததே தவிர, சட்டம் அதேதான்.

அப்புறம் எமர்ஜென்சி. 1975 ஜூலை 1-ஆம் தேதி இந்திரா காந்தி அறிவித்த இருபது அம்சத் திட்டத்தில் ஏழைகளின் கிராமக் கடன்களும் ஓர் அம்சம். மகாராஷ்டிரத்தில் அடமானப் பொருளைப் பணம் வாங்காமலே திருப்பித் தரச் சட்டம் போட்டார்கள். கடைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1977-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு சட்டம் செல்லும் என்றது. தமிழ்நாட்டிலும் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. 1980-ல் வந்ததன்படி ஏழைக் கடன்காரர் தாசில்தாரிடம் மனுப்போட்டு அடகுப் பொருளைக் கேட்கலாம். போன நகை காசில்லாமல் வந்தது என்றால் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மாதம் அதே பெண்ணுக்கு அவசரம் வந்தால் அதே கடையில் யார் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடையாது.

ஓரளவு பதில் கூட்டுறவு சங்கங்கள் வழியாகக் கிடைத்தது என்று சொல்லலாம். குறைந்த வட்டிக்கு நகைக்கடன். 2021 செப்டம்பரில், கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை வைத்தவர்களின் கடன் தள்ளுபடி என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சுமார் 6,000 கோடி ரூபாய். அதற்குப் பின் நடந்த சோதனைகளும், பட்டியலில் விடுபட்டவர்களின் புலம்பலும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது நகைக்கடன் கம்பெனிகளின் காலம். அவர்கள் தரும் ஏல அறிவிப்பு பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் வரும். பெயர் கிடையாது, கடன் எண் மட்டும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மஞ்சள் கயிறு இருக்கலாம்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி புது விதிகள் வெளியிட்டது. முதலில் வந்த வரைவுக்கு அதிகம் எதிர்ப்புக் கிளம்பியது நம் தமிழ்நாட்டில்தான். இறுதி விதிப்படி இரண்டரை லட்சம் வரை கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். இன்னொரு விதியும் உண்டு. கடன் முழுவதும் கட்டிய பிறகு அதிகபட்சம் ஏழு வேலைநாளுக்குள் நகையைத் திருப்பித் தரவேண்டும். தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு. இது பேங்குக்கும் கம்பெனிகளுக்கும்தான், சேட்டு கடைக்கு இல்லை. அங்கே இதற்கு அவசியமும் இருந்ததில்லை. பணத்தை எண்ணி வைத்ததும், உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, சீட்டு எண் எழுதிய சின்னத் துணிப்பையை எடுத்துவந்து, நம் கண்முன்னாலேயே அவிழ்த்துக் கொட்டுவார்.