மரையில் தொங்கும் கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால் கீழே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மஞ்சள் உலோகக் கட்டி தெரியும். அதன் பெயர் டிரனியன். அதற்குள் ஒரு எஃகுத் தண்டின் மரை இறங்கியிருக்கும். அந்தத் தண்டு வெர்ட்டிகல் லிங்க். சக்கரம் மாட்டியிருப்பது அதில்தான். சுருள்வில் கீழ்க்கையில் உட்கார்ந்திருப்பதால், வண்டியின் எடை கீழ்க்கையிலிருந்து டிரனியனுக்கு வந்து, மரை வழியாகத் தண்டுக்குப் போகிறது. அதாவது காரின் முன்பக்கம் மொத்தமும் இரண்டு மரைகளில் தொங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே திருகும். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை.

சித்தப்பாவின் ஹெரால்டை முழுசாகப் பிரித்துச் சாக்கு விரித்துப் பரப்பியபோது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான்: திரும்பப் போடலாமா, மாத்தணுமா? தாத்தா ஓட்டிய கார் அது. சித்தப்பாவின் பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது. "முடிஞ்சவரைக்கும் ஒரிஜினலே இருக்கட்டும்டா."

இந்தப் பதிலுக்குப் பின்னால் பாசம் மட்டும் இல்லை, ஒரு பொருளாதார வரலாறும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹெரால்டு பிறந்ததே ஒரு தட்டுப்பாட்டில்தான். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே துண்டாக உடற்கூடு செய்து தர ஆளில்லை. அதனால் தனிச் சட்டகம், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டும் தகடுகள் என்று போனார்கள். உருவம் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கலோட்டியுடையது. 1959-ல் வெளிவந்தது. 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அதன் பெரிய பெருமை. முன்சக்கரம் அவ்வளவு தூரம் மடங்குவதற்கு இடம் கொடுத்ததில் இந்த டிரனியனுக்கும் பங்கு உண்டு. 1962-ல் வந்த லோட்டஸ் எலானில்கூட இதே டிரையம்ப் வகை லிங்க்கும் டிரனியனும்தான். மோசமான வடிவமைப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தனிச் சட்டகக் கார் என்பதால் வேறு ஊரில் பொருத்துவது எளிது. 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது. அது வெளிநாட்டுப் பாகம் வேண்டுமென்றால் லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டிய காலம். கார் வாங்கவே பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்படி வாங்கிய காரின் புஷ் தேய்ந்தால் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? லேத் பட்டறையில் புது புஷ் கடைந்தார்கள், தேய்ந்த இடத்தில் வெல்டு வைத்து மறுபடி உருட்டினார்கள், புதுப்பேட்டையில் உடைபட்ட வண்டியிலிருந்து கழற்றி வந்தார்கள். எழுபதுகளில் ஹெரால்டு நின்று கெஸல் வந்தது, அதுவும் 1977-ல் நின்றது. எண்பதுகளின் கடைசியில் கார் தயாரிப்பே நின்றுபோனது. அதற்கப்புறம் ஹெரால்டின் உதிரிபாகக் கடை என்பது இன்னொரு செத்த ஹெரால்டுதான்.

இந்தத் தலைமுறையின் கைத்திறனைக் குறைத்துப் பேச மாட்டேன். இன்று 'நிலைத்தன்மை' என்று மாநாடு போட்டுப் பேசுவதை அவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தார்கள். ஆனால் இல்லாமையில் பழகிய ஒரு வழக்கம், பொருள் கிடைக்கிற காலத்தில் 'பாரம்பரியம்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்போது கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் பாகங்கள் இரண்டு சாதி. ஒன்று சொல்லிவிட்டுப் போகும். ரப்பர் புஷ் கத்தும், பால் ஜாயிண்ட் தட்டும், வில் தொய்ந்தால் கார் சாய்ந்து நிற்கும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒருவர் பிரேக்கை மிதிக்கும்போது ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்டோ டிரனியனோ. இப்படிப்பட்டவற்றைத் தைரியமாகத் திரும்பப் போடலாம். கெட்டுப்போனால் தகவல் சொல்லும்.

இன்னொரு சாதி சொல்லாது.

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் போன ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அண்டார்க்டிகா வரை போய்த் திரும்பிய கடலோடி டூமோன் துர்வில் அதில் குடும்பத்தோடு எரிந்துபோனார். நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்பது அன்றைய பெரிய புதிர். சில ஆண்டுகள் கழித்து ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒருமுறை தாங்குகிற பளுவைப் பல லட்சம் முறை தாங்க முடியாமல் போகலாம் என்று காட்டினார். ஓரிடத்தில் மயிரிழை விரிசல் தொடங்கும், ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் வளரும், கடைசி நாள்வரை வெளியே எதுவும் தெரியாது.

ஹெரால்டின் வெர்ட்டிகல் லிங்க் அந்த அச்சின் பேரன். இதில் துருவும் சேர்ந்துகொள்கிறது. டிரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கிரேடு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டியாகி மரைக்குள் சரியாக இறங்காது, தண்ணீர் தங்கும், மரை குழி குழியாக அரிக்கும். ஆனால் கிரீஸ் கன் கையில் இருக்கிற சர்வீஸ் பையன் எதைப் பார்த்தாலும் கிரீஸ்தானே அடிப்பான்! மரை முடிந்து தண்டு தொடங்குகிற இடத்தில் ஒருநாள் முறியும். சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் மெதுவாக, முழுசாக ஒடித்துத் திருப்பும்போது நடக்கும் என்பார்கள். அந்த 'பெரும்பாலும்' மேல் நம்பிக்கை வைத்து ஹைவேயில் போக முடியாது.

சித்தப்பா விடவில்லை. "சோதிச்சுப் பாத்துடலாம்." சரியென்று தண்டுகளைக் கழுவிச் சிவப்புச் சாயம் பூசி ஊறவிட்டுத் துடைத்தோம், வெள்ளைப் பூச்சு அடித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கோடாகக் கசிந்து வரும். பழைய ரயில் பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் வைத்துச் செய்த அதே வித்தை. இடது தண்டில் கோடு இல்லை. வலது தண்டின் மரைப் பள்ளங்களில் அங்கங்கே சிவப்பு. அரிப்புக் குழியா, விரிசலா என்று பிரித்துச் சொல்ல முடியாத சிவப்பு.

மெக்கானிக் இரண்டையும் கையில் உருட்டிப் பார்த்தார். "இதுல வெல்டு வச்சு மரை வெட்டித் தர்ற ஆளு இருக்காங்க, சார். நான் போட மாட்டேன். சூடு வாங்குன எஃகு, எங்க எப்ப விடும்னு எனக்குத் தெரியாது."

"இடது பக்கம் நல்லாத்தானே இருக்கு?"

"இன்னிக்கு நல்லாருக்கு, சார்."

எனக்கு இதுதான் சரியான பதிலாகப் பட்டது. சாயம் இன்றைய விரிசலைக் காட்டும், அறுபது வருடத்தில் தண்டு எத்தனை முறை வளைந்தது என்ற கணக்கைக் காட்டாது. இரண்டையும் மாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். சித்தப்பா ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

புதுசு என்பதாலேயே எல்லாம் நல்லது என்று நினைத்துவிடவும் வேண்டாம். இங்கிலாந்திலிருந்து தண்டும் டிரனியனும் வந்தன, நன்றாகவே இருந்தன. கூட வந்த ரப்பர் உறைகள் ஒரே வருடத்தில் வெடித்துவிட்டன. கழற்றி வைத்திருந்த பழைய உறைகள் இன்னும் மெத்தென்று இருந்ததால் அவற்றையே திரும்ப மாட்டினோம். கைகளும் பழசுதான், வில்லும் பழசுதான். ஸ்டியரிங் ரேக்கில் புஷ் மட்டும் கடைந்து போட்டோம். பழைய கார் கண்காட்சியில் நடுவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், டேஷ்போர்டை எட்டிப் பார்க்கிறார்கள். மல்லாந்து படுத்து டிரனியனைப் பார்த்த நடுவரை நான் இதுவரை கண்டதில்லை.

கழற்றிய இரண்டு தண்டுகளும் சித்தப்பா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. வலது தண்டின் மரையில் வண்ணக் குச்சியால் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார் மெக்கானிக், யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாதென்று. ஆயில் மாற்றும் நாள் வந்தால் கிரீஸ் கன்னைக் கழுவிவிட்டு அதற்குள் கியர் ஆயில் ஊற்றிக்கொண்டு வருகிறார் அவர். பழைய ஆயில் மேலே கசிந்து வெளியேறி, புதுசு தெரிகிறவரை அழுத்துகிறார்.