பதுளைத் தேவாலயமும் கல் இல்லாத கல்லறைகளும்

பதுளை நகரின் நடுவே புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. அங்கிலிக்கன் திருச்சபைக்குரியது, 1857இல் எழுந்தது. பேருந்துக்கு விரைகிறவர்கள் அதைப் பார்த்தும் பாராமலும் கடந்து போவார்கள். சற்று நின்று அதன் நினைவுக் கல்லை வாசித்தால், அக்கோயில் எழுந்த காரணம் ஒரு மனிதரின் அகால மரணம் என்பது தெரியும்.

அவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவின் அதிகாரி. பதுளையின் உதவி அரசாங்க அதிபர். மாவட்ட நீதிபதியும் அவரே. ஊவாவின் காடுகளை வெட்டிப் பாதை போட்டவர் என்று பெயர் பெற்றவர். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எழுதுகிறார். யானையைக் கொல்பவருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. அப்படியிருந்தும் அத்தொகை மலைக்க வைக்கிறது.

1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் கடும் இடிமழை. வாடிவீட்டில் ஒதுங்கியிருந்த ரொஜர்ஸ், மழை ஓய்ந்ததா என்று பார்க்க வெளி விறாந்தைக்கு வந்தார். மின்னல் தாக்கி அங்கேயே மாண்டார். யானைப் பாவம் விடாது என்று ஊர் பேசியது. உடலை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையின் மீதும் இடி விழுந்தது என்று சொல்வார்கள். கதை தன் இலக்கணத்துக்கு ஏற்பத் தன்னை முடித்துக்கொள்ளுமல்லவா?

ஆக, அவருடைய உடல் ஓரிடம், அவருக்கான கோயில் வேறிடம். எல்லா வகுப்பையும் சேர்ந்த நண்பர்கள் சேர்ந்து எழுப்பியது என்று பதுளைக் கல் சொல்கிறது. ‘எல்லா வகுப்பும்’ என்ற சொற்களில்தான் என் மனம் நிற்கிறது. பாதை போட்டவர் என்கிறோம். மண்வெட்டி பிடித்த கைகள் அவருடையவை அல்ல. அந்தக் கைகளுக்குரியவர்கள் அந்த வகுப்புகளில் அடங்குவார்களா?

ரொஜர்ஸ் இறந்த அதே பத்தாண்டில், தென்னிந்தியத் தமிழர் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே நடந்து வந்தார்கள். 1841க்கும் 1848க்கும் இடையில் அவர்களுள் 70,000 பேர் மாண்டிருப்பர் என 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. ஒருவர் இறந்ததற்கு ஒரு தேவாலயம்; எழுபதாயிரம் பேருக்குப் பத்திரிகையில் ஒரு மதிப்பீடு.

1854இல் தோட்டத் துரைமார் முன்னின்று ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றொரு அமைப்பைத் தொடங்கினார்கள். வேதம் சொல்லப் போகிற இடத்திலும் ‘கூலி’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள் பாருங்கள்! அதன் முதல் மேற்பார்வையாளர் செப்டிமஸ் ஹொப்ஸ், முன்னர் திருநெல்வேலியில் ஊழியம் செய்தவர். உபதேசிமார் பலரும் அங்கிருந்தே வந்தனர். அவர்கள் கொண்டுவந்த செல்வத்துள் பெரியது பாட்டு என்பேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளை எட்வர்ட் வெப் தொகுத்து 1853இல் அச்சிட்டிருந்தார். இராகமும் தாளமும் நமக்குரியவை. கேட்ட மாத்திரத்தில் தோட்டத்து மக்களின் நாவில் ஏறிவிட்டன. நகரத்துக் கோயிலில் ஆங்கில மெட்டில் ஓகன் வாத்தியம் ஒலித்தபோது, மேலே லயத்து வாசலில் தாளம் தட்டிக் கீர்த்தனை பாடினார்கள்.

துக்க வீட்டில்தான் இதன் வலிமை விளங்கும். வேதக்காரர் வீட்டுச் சாவென்றாலும் லயத்தில் சுவர் ஒன்றுதானே? ஒரு காம்பராவில் உபதேசியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து ஒழுங்குமுறைப்படி வாசிப்பார். அடுத்த காம்பராக் கிழவி தலைவிரித்து ஒப்பாரி வைப்பாள். கீர்த்தனையை ஒப்பாரி கெடுப்பதாக ஒருவரும் நினைப்பதில்லை. பிறகு மலைச் சரிவில் தோட்டம் ஒதுக்கிய துண்டு நிலத்துக்குத் தூக்கிப் போவார்கள். மரச்சிலுவை நடுவார்கள். ஊவாவின் மழை இரண்டு மூன்று பருவத்தில் அதை உளுக்கச் செய்துவிடும். பிறகு எது யாருடைய குழி என்பது மூத்தவர்களின் நினைவில் மட்டுமே.

சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை இந்த நினைவுச்சின்னமற்ற மரணத்தைத்தான் பேசுகிறது. சக்தீ பாலையா அதனைத் தமிழில் தந்தார். அதே வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். கல் இல்லாத சனத்தின் சரித்திரத்தை வேறெங்கே தேடுவது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

அப்புத்தளையில் 1869இல் கட்டப்பட்ட புனித அந்திரேயா தேவாலயத்தையும் சொல்லாமல் விடலாகாது. கண்டித் திரித்துவக் கல்லூரியின் உப அதிபராயிருந்த ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எஸ். சீனியர் 1938இல் மறைந்தார். அவருடைய அஸ்தி அந்த வளவிலேதான் வைக்கப்பட்டிருக்கிறது. இலங்கைக்காக அவர் எழுதிய துதிப்பாடலுக்குத் தேவார் சூரியசேன சிங்கள மெட்டொன்றைப் பொருத்தினார். இந்நாட்டை நேசித்த ஒரு வெள்ளையருக்கு இந்த மண்ணில் நிரந்தர இடம் கிடைத்தது, நியாயந்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் பிறந்து உழைத்த தமிழருக்கோ 1948இல் குடியுரிமை பறிபோனது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. பின்வந்த ஆண்டுகளில் ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் புகையிரதம் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறினார்கள். நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தவர்கள் பலர். தாத்தனும் பாட்டியும் கிடந்த குழிகளை அடையாளம் சொல்லத் தெரிந்த மூத்தவர்களும் அவர்களோடு போனார்கள். கீர்த்தனைகளும் போயின. மேஜர் ரொஜர்ஸின் நினைவுக் கல் பதுளையில் இன்றும் தெளிவாக வாசிக்கக் கிடக்கிறது.