கோடரி பிடித்த வாத்தியார்

அந்தக் காலத்தில் கனடாவின் வடக்குக் காடுகளில் மரம் வெட்டுவது குளிர்காலத்து வேலை. நிலம் உறைந்து பனி இறுகினால்தான் வெட்டிய அடிமரங்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்கு இழுக்க முடிந்தது. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போனவர்கள் பனி உருகும்போதுதான் வெளியே வந்தார்கள். அதுவரை அவர்கள் வீடு, பங்க்ஹவுஸ் என்ற ஒற்றைக் கொட்டகை. சுவரோரம் இரண்டடுக்குப் பலகைப் படுக்கைகள், நடுவில் இரும்புக் கணப்பு, அதன் மேல் கட்டிய கயிற்றில் காயப்போட்ட ஈரக் காலுறைகள். ஐம்பது, அறுபது பேர் ஒரே அறையில். பேன் தொல்லை, காற்றோட்டமின்மை, மங்கலான வெளிச்சம். நாள் முழுக்க உழைத்து வந்து, சாப்பிட்டுச் சாய்வதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கொட்டகைகளைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரு பாதிரியாரிடமிருந்துதான் கனடாவின் மிகப் பழைய எழுத்தறிவுத் தொண்டு நிறுவனம் பிறந்தது. அவர் பெயர் ஆல்ஃப்ரெட் ஃபிட்ஸ்பாட்ரிக். 1862-இல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ வட்டாரத்தில் பிறந்தவர். கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகரானவர். மறுமைக்கு வழி சொல்வதோடு நிற்காமல் தொழிலாளியின் கூலியையும் குடியிருப்பையும் பற்றித் திருச்சபை பேச வேண்டும் என்ற குரல் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓங்கி ஒலித்தது. ஃபிட்ஸ்பாட்ரிக் அந்தக் குரலை உள்ளபடியே எடுத்துக்கொண்டார். நாட்டின் வீடுகளுக்கு மரமும் ரயிலுக்குத் தண்டவாளக் கட்டையும் தருகிறவன் ஏன் படிப்பில்லாமல் கிடக்க வேண்டும்? அவன் பள்ளிக்கு வர முடியாது. பள்ளிதான் அவனிடம் போக வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் செய்ததும் இதைத்தான்.

1899-இல் வேலை தொடங்கியது. ஒண்டாரியோவின் வடபகுதியில் நேர்ன் சென்டர் என்ற ஊரை ஒட்டிய மரவெட்டி முகாம்களில் சிறு மரக்குடில்கள் எழுந்தன. உள்ளே மேசை, விளக்கு, பத்திரிகைகள், புத்தகங்கள். முகாம் முதலாளிகளிடம் குடிலுக்கு இடம் கேட்டார்; நகரத்துச் சபைகளிடம் பழைய இதழ்கள் கேட்டார்; மாகாண அரசிடம் நடமாடும் நூலகம் கேட்டார். கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. அமைப்புக்கு ‘ரீடிங் கேம்ப் அசோசியேஷன்’ என்று பெயர் வைத்தார்.

குடில் கட்டியதும் சிக்கல் தெரிந்தது. புத்தகம் இருந்தது, படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பின்லாந்து, இத்தாலி, உக்ரைன், போலந்து என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலமே புதிது; கனடாவிலேயே பிறந்தவர்களிலும் எழுத்து அறியாதவர்கள் இருந்தார்கள். ஆகவே வாத்தியார் வேண்டும் என்று பல்கலைக்கழக மாணவர்களை அழைத்தார். அவர்கள் வந்தார்கள். வந்தவுடன் அடுத்த சிக்கல். ஆட்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே காட்டுக்குள் போய்விட்டால் பகல் முழுக்க வாத்தியாருக்கு என்ன வேலை? காய்ப்பு ஏறாத கையோடு குடிலில் உட்கார்ந்திருப்பவனை முகாமில் யார் மதிப்பார்கள்?

வழி கண்டது மேலிடம் அல்ல. தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், ஆங்கஸ் கிரே என்ற இளம் ஆசிரியர் பகலில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கோடரியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு மரம் வெட்டப் போய்விட்டார். இரவில் வகுப்பு நடத்தினார். கூட வேலை செய்தவனிடம் எழுத்துப் படிக்க யாருக்கும் வெட்கமாக இல்லை. ஃபிட்ஸ்பாட்ரிக் இதைக் கேள்விப்பட்டு, நிறுவனத்தின் விதியாகவே ஆக்கினார். இனி வருகிற ஆசிரியர் பகலில் கூலியாள், இரவில் வாத்தியார். பகல் வேலைக்கு மற்றவர்களுக்குத் தருகிற கூலியைக் கம்பெனி தரும். வகுப்புக்குச் சங்கம் ஒரு சிறு தொகை தரும். ‘லேபரர் டீச்சர்’ என்ற பதவி இப்படிப் பிறந்தது. தொழிலாளி ஆசிரியர் என்று நாம் சொல்லலாம்.

தொண்டு நிறுவனங்களின் வரலாற்றில் இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்றே நான் கருதுகிறேன். கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்கிற ஏற்பாடு இங்கே மாலைக்கு முன்பே உடைந்துவிடுகிறது. பகலில் ரம்பம் பிடிக்கத் தெரியாமல் தடுமாறிய மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பவன் பழகிய மரவெட்டி. அதே மரவெட்டி இரவில் பென்சில் பிடிக்கத் தடுமாறும்போது மாணவன் சொல்லிக்கொடுக்கிறான். பத்து மணி நேர உழைப்பின் பின் இருவருக்கும் தோள் வலிக்கிறது. தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் திரும்பிய மாணவர்களும் உண்டு. நின்றவர்கள் வகுப்பை வென்றார்கள்.

அந்த வகுப்பில் கணக்கு வெறும் பாடமாக இருக்கவில்லை. காடுகளைத் தாண்டி ரயில்பாதை முகாம்களுக்கும் சங்கம் போனபோது அது இன்னும் தெளிவாயிற்று. பாதையின் ஒரு துண்டை ஒப்பந்தமாக எடுத்து மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக உழைத்தவர்கள், உணவு, வெடிமருந்து, கருவிகள் என்று முகாம் கடையில் வாங்கியவை கழிந்தபின், மாதக்கணக்கான உழைப்புக்குக் கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் வெளியேறியதுண்டு. இதை ஆண்டுக்கணக்கில் நேரில் கண்டு எழுதியவர் எட்மண்ட் பிராட்வின். அவரும் முகாம்களில் பாடம் சொன்னவர். 1928-இல் வெளியான அவருடைய ‘தி பங்க்ஹவுஸ் மேன்’ அந்த முகாம் வாழ்வுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சிகளில் ஒன்று. கூலியில் பிடித்த கழிவுகளைச் சரிபார்க்கத் தெரிந்தால் தொழிலாளி ஏமாற மாட்டான். கையெழுத்துப் போடுமுன் வாசிக்கத் தெரிந்தால் கேள்வி கேட்பான்.

முகாமுக்குப் போன மாணவர்களில் ஒருவர் நார்மன் பெத்யூன். பிற்காலத்தில் ஸ்பெயின் போர்க்களத்தில் நடமாடும் ரத்தவங்கியை நடத்தி, 1939-இல் சீனாவில் காயமுற்ற வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தபோதே நோயுற்று இறந்த அதே மருத்துவர். டொரண்டோவில் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு, 1911-இல் சட்பரிக்கு அருகில் ஒயிட்ஃபிஷ் என்ற இடத்து மரவெட்டி முகாமில் சேர்ந்தார். பகலில் கோடரி, இரவில் வகுப்பு. அவருடைய பிற்கால வாழ்வின் விதை முழுக்க அங்கேதான் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டாளிகள் நடுவில் அவர்களில் ஒருவராக வாழப் பழகியதில் அந்தக் குளிர்காலத்துக்கும் பங்கு உண்டு.

1919-இல் அமைப்பு ‘ஃபிரண்டியர் காலேஜ்’ ஆயிற்று. அதே ஆண்டில் புதிதாக வந்தவர்களுக்கென்று ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு கையேடு வெளியிட்டார். ஆங்கிலப் பாடமும் குடியுரிமை விவரமும் கொண்ட அந்த நூலில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. வந்தவர்கள் தங்கள் வழியை விட்டு ஆங்கிலேய வழிக்கு மாறிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய அச்சத்தில், தொழிலாளர்கள் போல்ஷெவிக்குகள் ஆகாமல் தடுக்கும் அரண் என்றும் கல்லூரி தன்னை முதலாளிகளுக்குக் காட்டிக்கொண்டது. நன்கொடைக்கு அது உதவியது. ஆனால் அடுத்த ஆண்டே, 1920-இல், ‘தி யுனிவர்சிட்டி இன் ஓவரால்ஸ்’ என்ற நூலில் முகாம்களின் கேவலமான நிலையை அவரே வெளுத்து வாங்கினார். இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர்தான்.

அவருடைய பெருங்கனவு பல்கலைக்கழகம். 1922-இல் கனடா நாடாளுமன்றம் ஃபிரண்டியர் காலேஜுக்குப் பட்டம் வழங்கும் உரிமை தந்தது. காட்டிலும் சுரங்கத்திலும் உழைப்பவன், வேலையை விடாமலேயே பட்டதாரி ஆகலாம். மாகாணங்களும் பல்கலைக்கழகங்களும் எதிர்த்தன; கனடாவில் கல்வி மாகாணங்களின் அதிகாரம். பணமும் வற்றியது. விரல்விட்டு எண்ணும் அளவே பட்டங்கள் கிடைத்தன. 1930-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மனம் உடைந்த ஃபிட்ஸ்பாட்ரிக் பொறுப்பிலிருந்து விலகினார், பிராட்வின் முதல்வரானார். 1936-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் மறைந்தார். வேலையில் இருக்கும் தொழிலாளிக்குத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் தருவதை இன்று உலகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் கேட்டது தவறல்ல, கேட்ட காலம் முந்திவிட்டது.

பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலையற்ற இளைஞர்களைக் காட்டு முகாம்களில் சேர்த்து நாளுக்கு 20 சென்ட் கொடுத்தது. கல்லூரியின் ஆசிரியர்கள் அங்கேயும் போனார்கள், அதே 20 சென்ட்டுக்கு. அந்தச் சிறு தொகைகளையும் கடிதங்களையும் டொரண்டோ அலுவலகத்தில் கணக்கு வைத்துக் காத்தவர் ஜெஸ்ஸி லூகாஸ். 1920-இல் சேர்ந்தவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே இருந்தார். முகாமில் பாடம் சொன்னவர்களின் படங்கள் நூல்களில் வருகின்றன. ஆனால் ஜெஸ்ஸி லூகாஸ் இல்லாமல் அந்த நிறுவனம் இத்தனை காலம் நின்றிருக்காது.

1970-களிலிருந்து காட்டு வேலை சுருங்கி நகரம் பெருத்தபோது கல்லூரியும் இடம் பெயர்ந்தது. சிறைகளுக்குள் போனது. டொரண்டோ தெருக்களில் வாழும் இளைஞர்களுக்குப் படிப்புச் சொன்னது. 1977-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. ஒண்டாரியோவின் காய்கறிப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பருவக்கூலிக்கு வருகிறவர்களோடு தக்காளி பறித்துவிட்டு, மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மாணவர்கள் இந்த நூற்றாண்டிலும் உண்டு. ஆங்கஸ் கிரே அன்று செய்த அதே காரியம். 2022-இல் நிறுவனம் ‘யுனைடெட் ஃபார் லிட்டரசி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கனடாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அமைப்பு இன்றும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரவும், பெரியவர்களோடு உட்கார்ந்து வாசிக்கவும் ஆள் தேவைப்படுகிறது. வாரத்தில் ஒரு மாலை உங்களால் ஒதுக்க முடியுமானால் போய்ச் சேருங்கள்.